ஊட்டி போக காசு வேணும்... குளக்கரைக்கு கால் இருந்தா போதும்! போத்தனூரைச் சுத்தி என்னென்ன பார்க்கலாம்?

போத்தனூர்: "ஏனுங்க, லீவு நாள்ல எங்களை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போனாத்தான் என்ன?"

ஞாயித்துக்கிழமை காலையில் இந்தக் கேள்வி எழாத வீடு போத்தனூர், சுந்தராபுரம், வெள்ளலூர் பக்கம் ரொம்பக் குறைவு. வாரம் பூரா குறிச்சி சிட்கோ பட்டறையில் லேத்து முன்னாடி நின்னவருக்கு அன்னைக்குத்தான் உடம்பை நீட்ட முடியும். ஆனால் குட்டீஸ் விடுமா?

ஊட்டிக்குப் போகலாம் என்றால் நாலு பேருக்கு பஸ், சாப்பாடு, தோட்டத்துக்கு ஒரு டிக்கெட், படகுக்கு ஒரு டிக்கெட் என்று ஒரு வாரக் கூலி ஒரே நாளில் காலி. ரயில் ஏறி பாலக்காடு போய் மலம்புழா அணையைப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கும் ஒரு முழு நாள் வேண்டும். மதியம் வரை தூங்கி எழுந்தவருக்கு அது ஆகிற காரியமா?

இப்படிப்பட்டவங்களுக்குத்தான் இப்போது குளக்கரைகள் கை கொடுக்கின்றன. சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்பினாலும் இருட்டின பிறகு வீடு வந்து சேர்ந்து சோறாக்கலாம்.

குறிச்சி குளம்: போத்தனூர்க்காரங்க 'பீச்'

போத்தனூருக்கு மேற்கே, பொள்ளாச்சி ரோட்டை ஒட்டிப் பரந்து கிடக்கிறது குறிச்சி குளம். 330 ஏக்கருக்கு மேல் பரப்பு. பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் பஸ்சில் போனவங்க மூக்கைப் பொத்திக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். கரையில் கட்டட இடிபாடு, குப்பை, சீமைக்கருவேல முள். உள்ளே இறங்கவே பயமாக இருக்கும்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 50 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து கரையை மாநகராட்சி மாற்றிவிட்டது. நடைபாதை, உட்கார திண்டு, விளக்கு, குழந்தைகளுக்கு விளையாட்டு இடம், ஜல்லிக்கட்டுக் காளை மாதிரியான சிலைகள் என்று ஆளே மாறிப்போய் நிற்கிறது.

இதில் எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது திருவள்ளுவர் சிலைக்குத்தான். கல்லும் இல்லை, சிமெண்டும் இல்லை. அ, ஆ, க, ங என்று தமிழ் எழுத்துகளை இரும்பில் வெட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டி வள்ளுவரை உட்கார வைத்திருக்கிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வள்ளுவர். கிட்டே போனால் எழுத்து! ஒண்ணாவது படிக்கிற பிள்ளையை அழைத்துப் போனால், தன் பேரில் உள்ள எழுத்தை சிலையில் தேடச் சொல்லலாம். அரை மணி நேரம் வீட்டுக்காரம்மாவுக்கு நிம்மதி.

ஆனால் குறிச்சி குளத்தில் உண்மையான விசேஷம் சிலை இல்லை. சூரியன் இறங்குற நேரம்தான்.

பொள்ளாச்சி ரோடு இருப்பது குளத்தின் கிழக்குப் பக்கம். அங்கே நின்றால் முன்னாடி முழுக்க தண்ணி, அதற்குப் பின்னாடி மேற்கே மலை. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நேராக முகத்தில் அடிக்கும். ஜூன், ஜூலையில் போனால் பெண்களுக்கு முந்தானை நிற்காது, ஆண்களுக்கு தலைமுடி நிற்காது. மின்விசிறிக்கு அடியில் புழுங்கிக் கிடக்கிற ஒண்டுக்குடித்தன வீட்டுக்காரங்களுக்கு இந்தக் காத்து ஒண்ணே போதும்.

போவது சுலபம். போத்தனூரில் இருந்து குறிச்சி பிரிவு வந்தால் பொள்ளாச்சி ரோடு. உக்கடத்தில் இருந்து வர்றவங்க ஆத்துப்பாலம் தாண்டினால் குளம் தெரியும். 2024 ஆகஸ்டில் திறந்த உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பாலம் வந்த பிறகு டூவீலர்காரங்களுக்கு அந்தப் பழைய நெரிசல் குறைந்துவிட்டது. டவுன் பஸ்சில் வந்தால், 2021-ல் வந்த இலவசப் பயணத் திட்டத்தில் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆக, அம்மாவுக்கும் மகளுக்கும் போக்குவரத்துச் செலவு சைபர்!

நொறுக்குத் தீனிக்கும் பஞ்சம் இல்லை. மசாலா பொரி, சுட்ட சோளம், பானிபூரி, கோவைக்கே உரிய தள்ளுவண்டி காளான் எல்லாம் கிடைக்கும். (அந்தக் காளானில் முக்கால்வாசி முட்டைக்கோஸும் மைதாவும்தான் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். ஆனாலும் யாரும் விடுவதில்லை.) பர்சைப் பார்த்துக்கொள்ள வேண்டியது இங்கேதான். நாலு பேர் ஆளுக்கு ரெண்டு பிளேட் அடித்தால், மிச்சம் பிடித்த பஸ் காசு வண்டிக்காரருக்குப் போய்விடும்.

காஞ்ச ஊரில் இவ்வளவு பெரிய குளமா?

நியாயமான கேள்வி. கேரளாவில் வருஷத்துக்கு சராசரியாக 3 ஆயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. வாளையார் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கோவையில் 700 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிய விஷயம். தென்மேற்குப் பருவமழை மேகத்தை மலை தடுத்து அந்தப் பக்கமே கறந்துவிடுகிறது. நமக்கு வருவது காத்தும் சாரலும்தான்.

அதனால் இங்கே குளம் தானாக உண்டாகவில்லை. மனுஷன் உண்டாக்கினது. வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகிற நொய்யல், வருஷத்தில் சில நாட்கள்தான் வெள்ளமாக ஓடும். அந்த சில நாள் தண்ணியை ஓட விடாமல் பிடித்து வைக்க, ஆத்துக்குக் குறுக்கே வரிசையாக அணைக்கட்டு, ஒவ்வொரு அணைக்கட்டில் இருந்தும் வாய்க்கால், வாய்க்கால் முடிகிற இடத்தில் குளம் என்று நம்ம முன்னோர் ஒரு சங்கிலியே போட்டு வைத்தார்கள்.

குறிச்சி அணைக்கட்டில் பிரிகிற வாய்க்கால் குறிச்சி குளத்துக்கு. வெள்ளலூர் அணைக்கட்டு வாய்க்கால் வெள்ளலூர் குளத்துக்கு. ஒரு குளம் நிறைந்தால் கலிங்கு வழியாக மிச்சத் தண்ணி வெளியேறி அடுத்த இடத்துக்குப் போகும். கரண்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்!

இந்தக் குளங்கள் முதலில் நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்ந்தவை. இப்போது வயல் இருந்த இடத்தில் சைட் போட்டு வீடு வந்துவிட்டது. ஆனாலும் குளம் நிறைந்திருந்தால்தான் சுத்துப்பட்டு போர்வெல்லில் தண்ணி நிற்கும். போத்தனூர், சுந்தராபுரம் பக்கம் உப்புத் தண்ணி லாரிக்குக் காத்திருந்தவங்களுக்கு இது புரியும்.

பார்க்கலாம், இறங்கக் கூடாது!

இங்கேதான் ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கரை பளபளக்கிறது. தண்ணி? வெள்ளம் வருகிற நாட்கள் போக மீதி நாட்களில் கோவைக் குளங்களுக்கு வருவதில் பெரும் பங்கு வீட்டுச் சாக்கடைதான். அதோடு பட்டறைக் கழிவும் சேருகிறது. ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்த மாதிரி மூடிக் கிடப்பதைப் பார்த்து சிலர் "அடடா, என்ன பசுமை!" என்று செல்பி எடுக்கிறார்கள். அது அழகு இல்லை. சாக்கடைச் சத்து மிஞ்சிப்போனதற்கு அடையாளம். அந்தச் செடி மூடினால் வெயிலும் காத்தும் உள்ளே போகாது. தண்ணியில் பிராணவாயு குறையும். மீன் செத்து மிதக்கும்.

ஆகவே, கால் நனைப்பது, குழந்தையை இறக்கிக் குளிப்பாட்டுவது எல்லாம் கூடவே கூடாது. காலில் புண், சிராய்ப்பு இருப்பவர் தண்ணிப் பக்கமே போக வேண்டாம். ஜிலேபி மீன் துள்ளுகிறது என்று தூண்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போய் வறுத்துத் தின்பதும் அவரவர் வயிற்றுக்குத்தான் கேடு. சேறு ஆழம் தெரியாது என்பதால் நீச்சல் தெரிந்தவரும் மாட்டிக்கொள்வார்.

"சாக்கடையைப் பார்த்தா ஊரே வளர முடியுமா, கரை அழகா இருக்கே, அது போதாதா?" என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது.

கலிபோர்னியா பாலைவனத்தில் சால்டன் ஏரி என்று ஒன்று. 1905-ல் கொலராடோ ஆத்துக் கால்வாய் உடைந்து, ரெண்டு வருஷம் பாலைவனப் பள்ளத்தில் தண்ணி கொட்டியதில் உண்டான ஏரி அது. 1950, 60-களில் அதன் கரையில் ஓட்டல், படகுக் குழாம், நீச்சல் என்று ஒரு உல்லாச ஊரே முளைத்தது. சினிமா நட்சத்திரங்கள் வந்து போனார்கள். கரையில் பிளாட் போட்டு விற்றார்கள்.

ஆனால் ஏரிக்கு நல்ல தண்ணி வரத்து இல்லை. வந்ததெல்லாம் வயலில் இருந்து உரத்தோடு வடிகிற கழிவுத் தண்ணி. வெயிலில் தண்ணி ஆவியாக ஆவியாக உப்பு ஏறி, கடலை விட அதிகமாகிப் போனது. 1999 ஆகஸ்டில் லட்சக்கணக்கான மீன்கள் ஒரே நேரத்தில் செத்துக் கரை ஒதுங்கின. என்ன மீன் தெரியுமா? நம்ம ஊர் ஜிலேபியோட அதே இனம்! நாத்தத்தில் டூரிஸ்ட் ஓடிப்போனார்கள். ஓட்டல்கள் பாழடைந்தன. ஏரி வத்தின இடத்தில் கிளம்புகிற தூசியால் இன்றைக்கு அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு இழுப்பு நோய்.

குறிச்சி குளம் சால்டன் ஏரி ஆகிவிடும் என்று அர்த்தம் இல்லை. இங்கே உப்பு ஏறுவதற்குள் ஏதாவது ஒரு அடைமழை வந்து கழுவிவிட்டுப் போகும். ஆனால் கரைக்கு 50 கோடி போட்டால் மட்டும் குளம் பிழைக்காது என்பது மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒண்ணுதான். குளத்தில் விழுகிற சாக்கடையை பாதாளச் சாக்கடையில் திருப்பி, சுத்திகரித்த பிறகு விட்டால்தான் வேலை முடியும். சிமெண்ட் கரையால் குளத்தின் பரப்பு சுருங்குகிறது, பறவைக்கு மேடு இல்லாமல் போகிறது என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சொல்லி வருவதிலும் நியாயம் இருக்கிறது.

வெள்ளலூரில் மட்டும் எப்படி?

வெள்ளலூர் என்றால் நிறையப் பேருக்கு ஞாபகம் வருவது குப்பைக் கிடங்கு. மாநகராட்சியின் மொத்தக் குப்பையும் கொட்டின இடம். காத்து அடித்தால் போத்தனூர் வரைக்கும் நாறும். குப்பை தீப்பிடித்தால் ராத்திரி தூக்கம் போச்சு.

அதே வெள்ளலூரில், செலவு அதிகம் இல்லாமல், ஒரு குளம் உயிர் பிழைத்த கதையும் இருக்கிறது.

சுமார் 90 ஏக்கர் வெள்ளலூர் குளம் வருஷக்கணக்கில் வறண்டு கிடந்தது. ஆத்தில் வெள்ளம் ஓடினாலும் குளத்துக்கு வராது. காரணம் வாய்க்கால் தூர்ந்து, முள் அடைத்து, ஆக்கிரமிப்பில் போய்விட்டது. 2017-ல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ஞாயித்துக்கிழமை தோறும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஐ.டி. வேலைக்காரர், காலேஜ் பிள்ளைகள், ரிட்டயர்டு ஆனவங்க என்று கலந்த கூட்டம். வாய்க்கால் திறந்தது. தண்ணி வந்தது. இங்கே வேலை முதலில் ஆரம்பித்தது கரையில் இல்லை, வாய்க்காலில்!

பிறகு கரையில் ஆயிரக்கணக்கில் மரக்கன்று நட்டு அடர்காடு வளர்த்தார்கள். செடி வந்தது, பூ வந்தது, பின்னாடியே பட்டாம்பூச்சி வந்தது. கணக்கெடுத்தபோது வகை நூறை எட்டியதும் பட்டாம்பூச்சிப் பூங்காவே அமைத்துவிட்டார்கள்.

இங்கே போக நல்ல நேரம் காலை 7 மணியில் இருந்து 10 மணி வரை. வெயில் லேசாக ஏறினால்தான் பட்டாம்பூச்சி சிறகு விரிக்கும். மழை ஓய்ந்த பிறகு போனால் இன்னும் ஜோர். கூழைக்கடா, நீர்க்காகம், மஞ்சள் மூக்கு நாரை, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி எல்லாவற்றையும் நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை இந்தச் சுத்துவட்டாரக் குளங்களில் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு தடவையாவது கூட்டிப் போக வேண்டிய இடம்.

வெள்ளலூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1842-ல் இங்கே மண்ணுக்குள் இருந்து 500-க்கும் மேற்பட்ட ரோமாபுரி வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கேரளக் கரையில் கப்பலில் இறங்கின யவன வியாபாரம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் கரை ஓரமாகத்தான் போயிருக்கிறது. அதாவது 2 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இது மெயின்ரோடு!

படகு வேணும்னா வாலாங்குளம்

குறிச்சியில் கரை, வெள்ளலூரில் பட்டாம்பூச்சி. படகில் ஏறியே தீருவேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளைக்கு வாலாங்குளம்தான். உக்கடத்துக்குப் பக்கத்தில், சுங்கம் பைபாஸ் ஓரம், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. மிதிபடகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு. லைப் ஜாக்கெட் போடாமல் ஏறக் கூடாது. குழந்தைக்கு அளவு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். கட்டணத்தை கவுண்டரில் கேட்டுவிட்டு வரிசையில் நிற்பது நல்லது. குடும்பமாக ஏறினால் அன்றைய செலவில் பெரிசு இதுவாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உக்கடம் பெரியகுளம். 2013-ல் கடும் வறட்சியில் இந்தக் குளம் காய்ந்து வெடித்தபோது, ஆயிரக்கணக்கான பொதுமக்கள் இறங்கித் தூர் வாரினார்கள். இன்றைக்கு கரை முழுக்க நடைபாதை. தண்ணி மேல் மிதக்கிற சோலார் தகடுகளைக் காட்டினால் பசங்க வாயைப் பிளப்பார்கள்.

இந்த ரெண்டு குளக்கரையிலும் ஒரு காலத்தில் குடிசைகள் வரிசையாக இருந்தன. சுமை தூக்குபவர், மீன் விற்பவர், தூய்மைப் பணியாளர் என்று கூலி வேலைக்காரக் குடும்பங்கள். அவங்களுக்கு மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர், கீரணத்தம், கோவைப்புதூர் என்று ஊர் ஓரத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தலைக்கு மேல் கான்கிரீட் கூரை வந்தது உண்மை. வேலைக்கு வர ரெண்டு பஸ் மாற வேண்டியதும் உண்மை. காலம் காலமாக அந்தக் கரையில் குடியிருந்தவங்க, இன்றைக்கு அதே கரையைப் பார்க்க பஸ் ஏறித்தான் வர வேண்டியிருக்கிறது.

ஸ்டேஷனையும் ஒரு எட்டு பார்க்கலாம்

குளத்துக்குப் போகிற வழியில் நேரம் இருந்தால் போத்தனூர் ஜங்ஷன் பக்கம் ஒரு எட்டு போய் வரலாம். கோவையில் ஸ்டேஷன் வருவதற்கு முன்னாடி, 1862-லேயே ரயிலைப் பார்த்த ஊர் இது. சென்னையையும் மலபார் கரையையும் இணைத்த பாதை இந்த வழியாகத்தான் போனது. இங்கிருந்து மேட்டுப்பாளையம் பாதை பிரிந்து, கோவை ஸ்டேஷன் வந்தது 1873-ல். பொள்ளாச்சி பாதை 1915-ல். ஊட்டிக்குப் போன வெள்ளைக்கார துரைகள் எல்லாம் போத்தனூரைத் தாண்டாமல் போனதில்லை.

இதே ஸ்டேஷனில்தான் 1921 நவம்பரில் அந்தக் கொடுமையும் நடந்தது. மலபார் கிளர்ச்சியில் கைதான சுமார் 100 பேரை, திரூரில் காத்துப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து வெள்ளைக்காரன் அனுப்பினான். போத்தனூரில் கதவைத் திறந்தபோது 50-க்கும் மேற்பட்டவர் மூச்சுத் திணறிச் செத்துக் கிடந்தார்கள். பிறகு செத்தவர்களையும் சேர்த்து 70 பேர். தினமும் இந்த பிளாட்பாரத்தில் பாசஞ்சருக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கிளம்பும் முன் கவனிக்க...

கோடையில் மதியம் 4 மணிக்கு முன்னாடி குளக்கரைக்குப் போனால் வெயிலில் வெந்துதான் வர வேண்டும். மரம் இன்னும் பெரிசாகவில்லை, நிழல் குறைவு. வீட்டில் இருந்தே தண்ணி பாட்டில் எடுத்துப் போங்கள். இருட்டினால் கொசு படையெடுக்கும். கைக்குழந்தைக்கு முழுக்கை சட்டை கட்டாயம். பொரி தின்ற பொட்டலத்தைக் குளத்தில் விட்டெறியாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வரலாம்.

பொள்ளாச்சி ரோட்டில் லாரியும் பஸ்சும் பறக்கின்றன. குளத்தைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு ரோட்டைக் கடக்கிற பிள்ளைகள் ஜாக்கிரதை.

சிலை, விளக்கு எல்லாம் எந்த மாதத்திலும் இருக்கும். குறிச்சி குளத்தை நிஜமாகப் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பரில், வெள்ளியங்கிரிப் பக்கம் ரெண்டு நாள் நல்ல மழை என்று செய்தி வந்த மறுநாள் போக வேண்டும். நுரை அடங்கி, செந்நிறத்தில் புதுத் தண்ணி வாய்க்காலில் திமுதிமுவென்று வந்து விழும். அன்றைக்கு ஒரு நாள் நாத்தம் இருக்காது.